அவர் கேப்டனா, லெப்டினன்டா?

மூன்று வாரமாக ராத்திரி சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். லண்டனுக்கு வெளியே என் மகன் படிக்கும் பள்ளியில், முதல் உலகப் போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. வெறும் பெயர்கள்தான். ராணுவத்தில் யார் என்ன பதவியில் இருந்தார்கள் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள், ஒரு வாரத்து வேலைதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். பழைய பள்ளி இதழ் அவரை கேப்டன் என்கிறது. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அதற்கு ஒரு படி கீழே, லெப்டினன்ட். 1914-15 ஸ்டார் பதக்கத்திலோ சிப்பாய்! யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் அலைந்த பிறகுதான் மூன்றுமே சரி என்று புரிந்தது. அந்த ஸ்டாரின் பின்பக்கம் பொறிப்பது, ஒருவர் முதன்முதலில் போர்முனைக்குப் போனபோது இருந்த பதவியை. அப்புறம்தான் அவர் அதிகாரியாகியிருக்கிறார். கேப்டன் கதை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் கிடைத்தது: ஒரு கம்பெனிக்கு, அதாவது ஒரு படைப்பிரிவுக்கு, தலைமை தாங்கும் வரை மட்டும் பொறுப்பு கேப்டன், சில மாதம் கழித்து அந்தப் பொறுப்பு முடிந்ததாக இன்னொரு வரி. நம் ஊர் 'பொறுப்பு டிஜிபி' மாதிரியேதான். கெஜட்டில் பல அறிவிப்புகள் முன்தேதியிட்டுத் தாமதமாக வரும் என்பதால், ஆள் இறந்த பிறகு பதவி உயர்வு அச்சான கொடுமையும் உண்டு.

அதிகாரி அல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய பணி ஆவணங்களில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சியதில் கன்னர், சாப்பர் என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து ஏதோ பெரிய பதவி என்று நினைக்கக் கூடாது, பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் சாதாரணச் சிப்பாயின் பெயர்தான் அது. 1918-இல் இறந்தவரை யாராவது 'ஸ்குவாட்ரன் லீடர்' என்று எழுதியிருந்தால் அது பிற்காலத்தில் எழுதியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். விமானப்படைக்கு அந்தப் பதவிப் பெயர்கள் வந்ததே 1919 ஆகஸ்டில். அதுவரை தரைப்படைப் பதவிகள்தான்.

தேடும்போது குறுக்கே வந்தவர் பாசில் ஹார்ஸ்ஃபால். கொழும்பில் பிறந்தவர், அங்கே புனித தோமஸ் கல்லூரியிலும் பிறகு இங்கிலாந்தில் மார்லோவின் போர்லேஸ் பள்ளியிலும் படித்தவர். பெயர் 3-ஆம் பட்டாலியனில், சண்டையிட்டது ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமென்ட்டின் 11-ஆம் பட்டாலியனோடு. 1918 மார்ச் 27 அன்று தலையில் காயம்பட்டும் சிகிச்சைக்குப் போக மறுத்து நின்றார், பின்வாங்கும்போது இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அப்போது அவர் வெறும் செகண்ட் லெப்டினன்ட், அதிகாரிகளில் கடைசிப் படி! எனக்கு அதற்கு மேல் கேப்டன் பஞ்சாயத்தில் அவ்வளவு சுவாரசியம் இல்லை.

இருந்தாலும் ஏற்றுக்கொண்ட வேலை. இறந்த நாளில் இருந்த நிரந்தரப் பதவியை முதலில் போட்டு, பொறுப்புப் பதவியைத் தேதியோடு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பலகை எழுதுகிறவர் பார்த்துவிட்டு, ஒரு பெயருக்கு ஒரு சொல்தான் இடம் இருக்கிறது என்கிறார்.