வீட்டிற்கே வந்து இரத்தம் எடுக்கும்போது

யாழ்ப்பாணத்தில் முழங்கால் வலியோடு ஓட்டோவில் ஏறி இறங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு, ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் வீட்டிற்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்வது பெரிய ஆறுதல். எங்கள் அம்மம்மாவுக்கு அவ்வாறுதான் எடுக்கிறோம். ஊசி குத்துவது சில நிமிட வேலைதான்; முடிவு சரியாக வருவதோ அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

வெறும் வயிற்றில் சீனி பார்ப்பதற்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் உட்கொள்ளக் கூடாது. விடியற்காலைத் தேத்தண்ணியை விட முடியாத நம்மூர்ப் பெரியவர்கள், "சீனி போடேல்லை, பனங்கட்டிதான் கடிச்சனான்" என்பார்கள்; பனங்கட்டியும் சீனியே. தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குடித்திருந்தால் நாளமும் எளிதில் அகப்படும். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. நீரிழிவுக் குளிசையை வெறும் வயிற்றில் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், அதை எப்போது போடுவது என்று வைத்தியரிடம் முதலே கேட்டு வைக்க வேண்டும்.

வெளிச்சமுள்ள விறாந்தையில் கைபிடியுள்ள கதிரை ஒன்று போதும். ஊசியைக் கண்டால் மயங்குபவரைக் கட்டிலில் படுக்க வைத்தே எடுக்கச் சொல்லலாம். சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிசுக்காகச் சத்திரசிகிச்சை செய்த கையில் எடுக்க விடக்கூடாது. கையை இறுக்கிக் கட்டிய பின் விரல்களை மடக்கி விரிப்பதைப் பலர் உதவி என்று எண்ணுகிறார்கள். அதனால் இரத்தத்தில் பொட்டாசியம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

நான் மிகவும் உன்னிப்பாகக் கவனிப்பது குழாய்களைத்தான். பெயரும் நேரமும் நம் கண்முன்னே எழுதப்பட வேண்டும். பிறகு எழுதலாம் என்று பையில் போடுவதை நான் ஏற்பதில்லை. குழாய்க்குள் இருக்கும்போதும் இரத்த அணுக்கள் சீனியை உண்டுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் புளோரைட் கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்காமல், சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு திரிந்தால், முடிவு உண்மையைவிடக் குறைவாகவே வரும். ஆகவே குளிர்ப்பெட்டி உள்ளதா, எத்தனை மணிக்கு ஆய்வுகூடத்தைச் சேரும் என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

ஊசியை எடுத்ததும் முழங்கையை மடக்காமல், பஞ்சை மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அஸ்பிரின், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகளைப் போடுபவர்கள் இன்னும் சற்று நேரம் பிடிக்க வேண்டும். கன்றிய இடம் தானாகவே மாறும். வீக்கம் கூடினாலோ கை விறைத்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.