ஒரே பந்து, 652 சேவ்: மரியானோ ரிவேரா

பேஸ்பால் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் வரும் சந்தேகம் இது. நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா கிட்டத்தட்ட ஒரே வகைப் பந்தை வைத்துக்கொண்டு எப்படி 652 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்த கணக்கு) எடுத்தார்? என்ன வரப்போகிறது என்று பேட்டருக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை. காரணம் பாதி அவர் விரலில் இருக்கிறது. மீதிப் பாதி அவர் பார்த்த வேலையில்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எதிரணியின் 9 பேரையும் இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் பேட்டருக்கு வேகமும் உயரமும் பிடிபட்டுவிடும். அதனால் தொடக்கப் பிட்சரிடம் குறைந்தது மூன்று வகைப் பந்தாவது இருக்க வேண்டும். ரிவேராவிடம் அது இல்லை. 1995-ல் 10 ஆட்டங்களைத் தொடங்கினார். அந்த சீசன் முழுக்க 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, 5.51 ரன் என்ற கணக்கில் அடி வாங்கினார். அடுத்த வருடம் ரிலீஃபுக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் வேலைக்கு மாற்றினார்கள். 7-வது, 8-வது இன்னிங்ஸை வீசிவிட்டு, க்ளோஸர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) ஜான் வெட்லாண்டிடம் ஆட்டத்தை ஒப்படைப்பதுதான் வேலை. கணக்கு 2.09-க்கு இறங்கியது, 130 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்). அதே கைதான், ஒவ்வொரு பேட்டரும் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் அவரைப் பார்த்தார்கள், அவ்வளவே. வெட்லாண்ட் போனதும் 1997-ல் ரிவேரா க்ளோஸர் ஆனார்.

க்ளோஸரின் கூலி சேவ். ஜெயிக்கும் அணிக்காகக் கடைசிப் பந்துவரை நின்று முடிக்க வேண்டும். வழக்கமான வடிவம்: மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸாவது வீசுவது.

இனி பந்து. 1997 ஜூனில் சக பிட்சர் ராமிரோ மெண்டோசாவோடு சாதாரணமாகப் பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நொடியில் விலகியது. பிட்சிங் கோச் மெல் ஸ்டாட்டில்மையரோடு சேர்ந்து அதை நேராக்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார்கள். அதுதான் கட்டர். பிடி சாதாரண வேகப்பந்துப் பிடிதான். விரல்கள் நடுவிலிருந்து இம்மி அளவு வெளியே நகரும்; விடும்போது நடுவிரலில் அழுத்தம் கூடும். கிரிக்கெட்டில் லெக் கட்டர் தரையில் பட்டு விலகுகிறது, வேகமும் குறைகிறது. இது காற்றிலேயே, மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், சில அங்குலம் இடதுகை பேட்டரின் கையை நோக்கி நகரும்.

பேட்டர் நிற்கும் பிளேட்டைப் பந்து அடைய 0.4 நொடிதான். பாதி வழியிலேயே பேட்டர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் நகர்வு தெரிகிறது. பேட்டில் நன்றாக அடிபடும் இடம் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலத்துக்குள் இருக்கிறது. பந்து உள்ளே வந்து ஒல்லியான கைப்பிடிப் பக்கம் மோதினால் மரம் பிளந்துவிடும். 1999 வேர்ல்ட் சீரிஸில் (சீசனின் இறுதித் தொடர்) அட்லாண்டாவின் ரயன் க்ளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து மூன்று பேட் உடைத்துக்கொண்டார். அது தெரிந்துதான், இரு பக்கமும் ஆடத் தெரிந்த சிலர் இவருக்கு எதிராக மட்டும் வழக்கத்துக்கு மாறாக வலதுகையில் நின்றார்கள்.

இந்த பந்தின் பலமே அதன் ஓட்டை என்பதை 2001 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம் காட்டியது. அரிசோனாவுக்கு எதிராக 2-1 முன்னிலை, கடைசி இன்னிங்ஸ். முதல் பேட்டர் பேஸ் (ரன் எடுக்க ஓடிச் சேரும் நிலை) ஏறினார். அடுத்தவர் தட்டிவிட்ட பந்தை ரிவேரா எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தது தவறிப்போனது. டோனி வோமாக் டபுள் (இரண்டு பேஸ் தரும் அடி) அடித்து சமன் செய்தார். இடதுகை பேட்டரான கிரெய்க் கௌன்செலின் கை மேலேயே பந்து பட்டது. உள்ளே வரும் பந்துக்கு அது சகஜம். பேஸ் மூன்றும் நிரம்பின, ஒருவர்தான் அவுட். ரன்னைத் தடுக்க உள்வட்ட வீரர்கள் முன்னால் நகர்ந்து நின்றார்கள். அடுத்து லூயிஸ் கான்சாலஸ், அவரும் இடதுகை. கட்டர் உள்ளே வந்தது, பேட்டின் கைப்பிடிப் பக்கம் பட்டது, பந்து வலுவில்லாமல் எழும்பி யாங்கீஸின் உள்வட்ட வீரர் டெரெக் ஜீட்டரின் தலைக்குப் பின்னால் விழுந்தது, அரிசோனா ஜெயித்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் சுலபமான கேட்ச். ரிவேரா வீசியது மோசமான பந்து இல்லை. பேட்டரை நசுக்கும் பந்து இப்படித்தான் தளர்வாக எழும்பும். அந்த மாதிரி அடிக்கு முன்னால் நகர்ந்த ஃபீல்டிங் பொருந்தாது.

ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய பட்டத்துக்கான ஆட்டங்கள்) 141 இன்னிங்ஸ், 9 இன்னிங்ஸுக்கு 0.70 ரன், மொத்தமே இரண்டு ஹோம் ரன். 2012 மே மாதம் கான்சஸ் சிட்டியில், பேட்டிங் பயிற்சியில் பறந்து வந்த பந்தைத் துரத்தும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. 42 வயது. அடுத்த வருடம் திரும்பி வந்து 44 சேவ். 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 425-க்கு 425 வாக்கு. அதற்கு முன் அப்படி யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

கடைசியாக யாங்கீ ஸ்டேடியத்தில் வீசியது 2013 செப்டம்பர் 26. நான்கு பேட்டர்கள், நான்கு பேரும் அவுட். இன்னும் ஒரு அவுட் பாக்கி இருக்கையில் பந்தை வாங்கிக்கொள்ள மேனேஜர் வரவில்லை. ஜீட்டரும் இன்னொரு சக வீரர் ஆண்டி பெட்டிட்டும் மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேடு) நடந்து வந்தார்கள். பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து ரிவேரா அழுதார். எதிரணியான டம்பா பே அன்று 4-0 முன்னிலையில் இருந்தது, அதனால் சேவ் கணக்கில் ஏதும் ஏறவில்லை.