பிராவைப் பிடித்துத் தைக்கலாமா?

குன்னூர்க் கடைகளில் நமக்குரிய அளவு கிடைக்காதபோது கோயம்புத்தூர் வரை மலையிறங்க வேண்டியிருப்பதால், கையில் இருக்கும் பிராவையே பிடித்துத் தைத்துக்கொள்ளலாமா என்று தோழியர் சிலர் கேட்டிருந்தீர்கள். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

மார்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது தோள்பட்டி அன்று, மார்புக்குக் கீழே உடலைச் சுற்றிவரும் பட்டிதான். கைகளைத் தூக்கும்போது அது முதுகில் மேலேறினால் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் தோள்பட்டியை இறுக்கினால் தோளில் சிவந்த தடம் பதியுமே தவிர வேறு பயனில்லை. கொக்கித் துண்டுகளைப் பிரித்து, பட்டியை இருபுறமும் சமமாகக் குறைத்து, இழுத்தாலும் நூல் அறாதபடி ஜிக்ஜாக் தையலில் மீண்டும் பொருத்தினால் இது சரியாகிவிடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கப் அக்குள் பக்கமாக இழுபடும் என்பதால், முதலில் ஊசி குத்தி அணிந்து பார்ப்பது அவசியம். கூச்சத்தால் தையற்காரரிடம் கொடுக்கத் தயங்குபவர்கள் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே இதைச் செய்யலாம்.

கப் சிறிதாகி விளிம்பில் சதை பிதுங்கினால் தைத்துச் சரிசெய்ய முடியாது. புதிதுதான் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் துணி காயவில்லையென்று அடுப்பங்கரையில் உலர்த்தி, எலாஸ்டிக் இற்றுப்போன பிராவைத் தைப்பதும் வீண் வேலையே. பிரா அளவில் எண் பட்டியையும் எழுத்து கப்பையும் குறிக்கும். 34பி அளவில் கப் பொருந்திப் பட்டி மட்டும் தளர்வாக இருப்பவர்கள், அடுத்த முறை 32சி கேட்டு வாங்குங்கள்; இரண்டிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே.