ஹெட்ஃபோன்ல ஹிசாய்ஷி: ஜூன் மாச நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

இந்த மாசம் ராத்திரி நேரம் முழுக்க ஜப்பான் சினிமா இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷிக்குத்தான்னு முடிவு பண்ணியாச்சு. படமும் பாக்கணும், சவுண்ட்ட்ராக்க தனியாவும் கேக்கணும், தோணுறத அப்பப்போ இங்க எழுதணும். நிஜப் பேரு மமோரு ஃபுஜிசாவா, 1950ல நகானோ மாகாணத்துல பொறந்தவரு, நாலு வயசுலயே வயலின் கத்துக்க ஆரம்பிச்சவரு. அமெரிக்க இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸ் மேல இருந்த பிரியத்துல அந்தப் பேரையே ஜப்பானிய எழுத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சுக்கிட்டாரு. எல்லாரும் இவர மெலடி மன்னன்னு சொல்றாங்க, சரிதான், ஆனா குனிதாச்சி இசைக் கல்லூரியில படிக்கறப்போ இவர் கிறுக்கா இருந்தது டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ் ஆளுங்களோட மினிமல் இசை மேல. ஒரு குட்டித் துண்ட திரும்பத் திரும்ப வாசிச்சு, நமக்கே தெரியாம அத மாத்திக்கிட்டே போறது. 1981ல வந்த 'ம்குவாஜு' ஆல்பம் முழுக்க அதுதான், அழ வைக்கற மெட்டு எதுவும் கிடையாது. அதக் கேட்டுட்டு, இவர் இசை போட்ட அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி படங்களுக்கு வந்தா, அழகான மெட்டுக்கு அடியில அந்தப் பழைய ஆள் உக்காந்து வேலை பாத்துட்டு இருக்கறது நல்லாவே கேக்குது.

ஜூன் 5, வியாழன்

'நவுசிக்கா', 1984. மியாசாகி இவர்கிட்ட வந்த கதை ரொம்ப பிடிக்கும். படம் தயாராகறதுக்கு முன்னாடியே, கதைய வச்சு மட்டும் ஒரு இமேஜ் ஆல்பம் போடச் சொல்லி கம்பெனி கேக்குது, அப்போ ஹிசாய்ஷி பெரிய பேரெல்லாம் இல்ல. அந்த ஆல்பம் மியாசாகிக்கும் தயாரிப்பாளரா இருந்த தகஹாட்டாவுக்கும் பிடிச்சுப்போய் படமும் இவர் கைக்கே வந்துடுச்சு. அதுக்கப்புறம் முக்காவாசி படத்துக்கு இதே வழிதான், முதல்ல இமேஜ் ஆல்பம், அப்புறம் படத்துக்கான இசை. காட்சிய அளந்து தைக்கறதுக்கு முன்னாடியே மெட்டு தனியா மூச்சு விட்டுப் பழகிடுது, அதான் படம் இல்லாம கேட்டாலும் நிக்குது.

நவுசிக்காவோட சின்ன வயசு ஞாபகத்துல வர்ற அந்த "ரான் ரான் ராராரான்" பாட்டு, அத பாடினது ஹிசாய்ஷியோட பொண்ணு மாய், அப்போ வயசு 4. தேர்ந்த குரல் இல்ல, சுருதி லேசா ஆடுது, அந்த ஆட்டம்தான் நெஞ்சப் பிடிக்குது.

ஜூன் 8, ஞாயிறு

லீவு நாள், மியாசாகியோட 'லபூடா'வ ரெண்டு தடவை பாத்தேன், ஏன்னா அதுக்கு ரெண்டு பின்னணி இசை இருக்கு. 1986 ஒரிஜினல் ஒண்ணு. பின்னாடி டிஸ்னி ஆங்கில டப்பிங் பண்றப்போ, இவ்வளவு நேரம் இசை இல்லாம இருந்தா அமெரிக்க ஜனங்களுக்குப் பழக்கமில்லன்னு சொல்லி, ஹிசாய்ஷியே உக்காந்து புதுசா நிறைய எழுதிச் சேத்தாரு.

ஆரம்பக் காட்சிய மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. கொள்ளைக்காரங்க ராத்திரியில விமானத்துக்குள்ள புகுறாங்க. ஒரிஜினல்ல அங்க இசை கிடையாது, இறக்கை அடிக்கற சத்தம், கண்ணாடி உடையறது, கத்தல், அவ்ளோதான். கதாநாயகி ஷீட்டா கை நழுவி வானத்துலேர்ந்து விழுறா, அப்பதான் மெட்டு ஆரம்பிக்குது, அது வரைக்கும் காத்திருந்ததால அந்த முதல் சுரம் உடம்புக்குள்ள இறங்குது. ஆங்கிலத்துல முதல்லேர்ந்தே ஆர்கெஸ்ட்ரா ஓடிட்டே இருக்கு, நல்ல ஆர்கெஸ்ட்ராதான், 86 சிந்தசைசர விட ஒலி பெருசாவும் இருக்கு, ஆனா அவ விழறப்போ இசை புதுசா வந்த மாதிரியே இல்ல. எனக்கு எப்பவும் ஒரிஜினல்தான்.

கதாநாயகன் பாசு காலையில கூரை மேல ஏறி டிரம்பெட் வாசிச்சுட்டு புறாக்கள விடுற இடத்த பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னிக்கு தூக்கம் இல்ல.

ஜூன் 12, வியாழன்

டோட்டோரோ (1988). 'சான்போ' பாட்டு ஜப்பான்ல பாலர் பள்ளிப் பசங்க நடந்துக்கிட்டே பாடுற பாட்டாவே ஆயிடுச்சு. ஆனா என் ஓட்டு 'காத்து போற பாதை' மெட்டுக்குத்தான், ராத்திரி மரத்து உச்சியில டோட்டோரோவும் புள்ளைங்களும் உக்காந்து ஓகரினாங்கற சின்னக் குழல் ஊதுறாங்களே, அது.

ஜூன் 14, சனி

'ஸ்பிரிட்டட் அவே', 2001. இந்த ஒரு படத்துக்காக மட்டும் தனி நோட்டு போடலாம்.

ஆரம்பத்துல சிஹிரோ கார் பின்சீட்டுல மலர்க்கொத்த கட்டிப் பிடிச்சுட்டு படுத்திருக்கா, அதுல தோழி எழுதின அட்டை. பியானோ சில கார்டுகள, அதாவது ஒண்ணா ஒலிக்கற சுரங்கள, வச்சுட்டு நிக்குது, அப்புறம்தான் மெட்டுக்குள்ள நடக்குது. அந்த கார்டுகள் சோகமும் இல்ல சந்தோஷமும் இல்ல, ஊர விட்டுப் போற புள்ளைக்கு என்ன உணர்றதுன்னே தெரியாத அந்த நிலை அப்படியே இருக்கு.

ஆனா நான் எழுத வந்தது ரயில் காட்சி. தண்ணி மேல ஓடுற ரயில், சிஹிரோவும் முகமில்லாதவன்ங்கற ஆவியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, நிழல் மாதிரி ஆளுங்க ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கிடுறாங்க, யாரும் பேசல. கதையில பெருசா எதுவும் நடக்கல. 'ஆறாவது ஸ்டேஷன்'னு பேரு வச்ச இந்த இசையில பியானோ ஒரே வடிவத்த திரும்பத் திரும்ப வாசிக்குது, அதுக்கு மேல ஸ்டிரிங்ஸ் மெதுவா நிறம் மாத்துது. 1981ல 'ம்குவாஜு'வுல காட்டின வித்தை இங்க வந்து உக்காந்திருக்கு. பத்து வயசுப் பொண்ணு தனியா, திரும்பி வர வழியில்லாத ரயில்ல போறா, பயமுறுத்தியிருக்கலாம், கண்ண கசக்க வச்சிருக்கலாம், ரெண்டையும் பண்ணாம அவ கூடவே பக்கத்து சீட்ல உக்காந்து வர்ற இசை இது. இத விட நல்ல ரயில் இசை சினிமாவுல எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

இன்னிக்கு கிட்டானோ. 1991லேர்ந்து 2002 வரைக்கும் ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிட்டானோவோட ஏழு படத்துக்கு ஹிசாய்ஷி இசை பண்ணியிருக்காரு, 'சோனட்டீன்', வெனிஸ்ல தங்கச் சிங்கம் வாங்கின 'ஹனா-பி' எல்லாம் அதுல வரும். உலகத்துக்கே தெரிஞ்சது 1999 'கிகுஜிரோ'வோட 'சம்மர்'. வயலின்கள வில்லால இழுக்காம விரல்ல மீட்டுறாங்க, டொக் டொக்னு, அதுக்கு மேல பியானோ துள்ளிட்டுப் போகுது. அம்மாவத் தேடிப் போற பையனோட கதைக்கு இவ்வளவு வெளிச்சமான மெட்டு. சோகத்த மெட்டுல ஏத்தாம விட்டதாலதான், அந்தப் பையன் தலை குனிஞ்சு நடக்கறப்போ நமக்கு அவ்வளவு வலிக்குது.

மிஷ்கினோட 'நந்தலாலா' (2010) இந்தக் கதையத் தழுவினதுதான், இசை இளையராஜா. சம்மர் பக்கமே போகாம ராஜா தன் வழியில ஸ்டிரிங்ஸ வச்சு ஆழமா இறங்கியிருப்பாரு, ஹிசாய்ஷி வெயில்ல நிக்கறாரு. எது பெருசுன்னு சண்டை போட எனக்கு மனசில்ல, ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க.

ஜூன் 21, சனி

'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' (2004). 18 வயசு சோஃபி சாபத்துல 90 வயசுக் கிழவியாகிடுறா, அப்புறம் காட்சிக்குக் காட்சி வயசு ஏறி இறங்குது. முகம் மாறிட்டே இருக்கறதால இசை ஒண்ணா இருக்கட்டும்னு மியாசாகி ஒரே தீம் கேட்டாரு. அதான் அந்த மூணு தட்டு வால்ட்ஸ். தனி பியானோவுல தயங்கும், மந்திரவாதி ஹவுல் அவ கையப் பிடிச்சு ரெண்டு பேரும் ஊருக்கு மேல காத்துல நடக்கறப்போ முழு ஆர்கெஸ்ட்ராவா சுத்தும். ஒரே மெட்டு, ஒரு இடத்துலயும் அலுக்கல.

இன்னொண்ணு சொல்லிடறேன், 'ஸ்பிரிட்டட் அவே' முடிவுல வர்ற யாழ் பாட்டு ஹிசாய்ஷியோடது இல்ல, யூமி கிமுராவோடது. பிளேலிஸ்ட் போடுறவங்க அந்தம்மா பேரயும் போடுங்க, அவங்களுக்குச் சேர வேண்டியது அது.

ஜூன் 24, செவ்வாய்

'டிபார்ச்சர்ஸ்' (2008). ஆஸ்கார் வாங்கின படம். வேலை போன செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) கலைஞன் ஊருக்குத் திரும்பி, இறந்தவங்க உடம்பக் கழுவி அலங்கரிக்கற வேலைக்குப் போறான். பின்னணி இசையும் செல்லோவ நம்பியே நிக்குது. வெட்டவெளியில, பின்னாடி பனிமலை தெரிய அவன் வாசிக்கற இடம் மட்டும் கொஞ்சம் கூடிப் போச்சுன்னு நினைக்கறேன். மத்தபடி சுத்தம்.

ஜூன் 28, சனி

'ககுயா இளவரசி', 2013. அந்த நவுசிக்கா தயாரிப்பாளர் தகஹாட்டாவே இயக்கின படம், இயக்குநரா அவர் கூட ஹிசாய்ஷி பண்ணினது இது ஒண்ணுதான். பாத்திரங்களோட உணர்ச்சிய இசையில சொல்லாதீங்கன்னுதான் தகஹாட்டா கேட்டிருக்காரு.

கடைசியில நிலாவுலேர்ந்து தேவர்கள் மேகத்து மேல ஏறி ககுயாவக் கூட்டிட்டுப் போக வர்றாங்க. வளத்தவங்க கதறுறாங்க, அவளுக்குப் போக இஷ்டமில்ல. அங்க தாளம் தட்டி, கல்யாண ஊர்வலம் மாதிரி குதூகலமா ஒரு இசை வருது. தேவர்களுக்குத் துக்கம்னாலே என்னன்னு தெரியாது, அவங்க வாத்தியம் அப்படித்தான் இருக்கும். அந்த இசைக்கு நம்ம அழுகை கேக்கவே இல்ல, யாருக்காகவும் நிக்காம அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கு. சோக வயலின் எதுவும் இதுல பாதி வேலை கூட பண்ணியிருக்காது, நான் ரெண்டாவது தடவை ஓட்டிப் பாக்க முடியாம அங்கயே நிறுத்திட்டேன்.