சிதரான் சமாதிக்கு ரம் படையல்

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் பியேர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சிதரான் சமாதிக்கு இன்றும் ரம், சிகரெட், சிவப்புத் துணி என்று வந்துகொண்டே இருக்கிறது. முனீஸ்வரனுக்குப் படைப்பது மாதிரிதான். ஆனால் இவன் சாமி இல்லை, கொலைகாரன்!

மொசாம்பிக்கிலிருந்து ரீயூனியனுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவன். 1909இல் தீவின் தெற்குப் பக்கம், கரும்பு விளையும் ஊர்களில், ஃபோந்தேன் என்ற கூட்டாளியோடும் ஒரு மந்திரவாதியோடும் சேர்ந்து இரவில் வீடு புகுந்து கொள்ளையடித்தான். தூங்கிக்கொண்டிருந்த தம்பதியைக்கூட விடாமல் கொன்றார்கள். ஊமத்தை கலந்த பொடியைத் தூவி வீட்டாரை மயக்கினார்கள், இரத்தம் குடித்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். (நம்ம ஊமத்தையேதான், சிவனுக்குச் சாத்துவது.) இந்தக் கதைகள்தான் அவனைப் பெரிய ஆளாக்கிவிட்டன என்று நினைக்கிறேன். செத்தவர்கள் பெயரைக் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

“கோர்ட் கேஸ் ஜெயிக்கணும்னா ஒரு நடை போய்ட்டு வாடா” என்கிறார் பெரியம்மா. கோர்ட்டில் தோற்றவனிடமா, பெரியம்மா? மூன்று பேருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 1911 ஜூன் 20 அன்று சேன் பியேரில் சிதரான், ஃபோந்தேன் இருவர் தலையும் கில்லட்டினில் போனது. மந்திரவாதி மட்டும் தண்டனை குறைந்து தென்னமெரிக்காவில் இருக்கிற பிரெஞ்சு கயானாவின் சிறைக்குக் கப்பலேறிவிட்டான். படையல் வைத்தே ஆகவேண்டும் என்றால் அவனுக்கல்லவா வைக்கணும்?