மீ பாக்கெட்டும் துவரம் பருப்பும்

சிங்கப்பூரில் உணவுப் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தால் கப்பலும் கிடங்கும்தான் முதலில் வரும். நியாயம்தான். நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஈரச்சந்தைக் கோழிக்கடைக்காரர்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வருமானம் குறைந்தவர்கள் இருக்கும் அரசாங்க வாடகை வீட்டுப் புளோக்குகளில் உணவுப்பை கொடுக்கும் என் வேலையில் தினமும் பார்ப்பது வேறு சிக்கல். பொருள் வந்து சேர்ந்துவிடும். வாங்கியவருக்கு அது ஆகாது.

எங்கள் பையில் அரிசி, சார்டின் டின், மீ (நூடுல்ஸ்) பாக்கெட், பிஸ்கட் இருக்கும். ஓரறை வீட்டுப் பாட்டி ஒருவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, எனக்குப் பிரஷர். இந்த மீயெல்லாம் உப்பு. பருப்பு இருந்தா குடேன்" என்றார். மீ பாக்கெட்டுகள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குப் போயின, பதிலுக்கு முட்டை வந்தது. நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட பட்டியலைவிட அந்தத் தாழ்வாரம் எவ்வளவோ நன்றாகப் பங்கிட்டது.

அதைப் பார்த்துத்தான் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தொண்டூழியர்களுக்கு வேலை கூடியது. வரிசையாக அடுக்கிய பைகளோடு படம் எடுக்க முடியவில்லை என்று நன்கொடையாளர்களுக்குக் குறை. (படத்துக்காகவா பசி?) துவரம் பருப்புதான் முதலில் தீரும். காய்கறி தருவது இன்னும் கடினம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் அடிபட்ட தக்காளியும் கோஸும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் இந்த வெயிலில் மதியத்துக்குள் கைமாறியாக வேண்டும். தனியாக இருப்பவருக்கு முழுக் கோஸ் எதற்கு? வெட்டிக் கொடுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.

உள்ளூர் விளைச்சல் இவர்களுக்கு எட்டுவதில்லை. பண்ணைக் கீரை மலேசியக் கீரையைவிட விலை அதிகம். ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே உற்பத்தி செய்வோம் என்று 2019இல் அரசாங்கம் அறிவித்த இலக்கும் 2025இல் மாற்றப்பட்டுவிட்டது. எங்கள் புளோக் அருகே உள்ள சமூகத் தோட்டத்து முருங்கையும் கறிவேப்பிலையும் பத்து வீட்டு ரசத்துக்குக்கூடப் போதாது. இருந்தாலும் தேக்கா சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய கீரை சும்மா கிடைத்தால் பாட்டிகளுக்குச் சந்தோஷம்தான்.

இப்போதெல்லாம் பொருளுக்குப் பதில் பணமாகவே தாருங்கள் என்று கேட்கிறோம். சில நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. மற்றவை வழக்கம்போல் மீ பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கிவிட்டுக் கையெழுத்து கேட்கின்றன.