நெடுந்தீவுக்கு ஒருநாள்: படகுதான் கடிகாரம்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போய்வர ஒருநாள் போதும். ஆனால் அந்த நாளின் நேரத்தைப் படகுதான் தீர்மானிக்கும். காலையில் ஏறுகிற படகைவிட, பின்னேரம் தீவிலிருந்து திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். அதை முதல்நாளே யாழ்ப்பாணத்தில் விசாரியுங்கள். தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் படகுக்காரரிடம் இன்னொருதரம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காற்று மாறினால் நேரமும் மாறும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். புதிதாக வருபவர்கள் தவறுவது இந்தத் துறையில்தான். நயினாதீவுப் படகும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அது அடிக்கடி ஓடும், கால்மணி நேரத்தில் கரை சேரும், கூட்டமும் அதற்குத்தான் அதிகம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறினால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வாசலில்தான் இறங்குவீர்கள். "நெடுந்தீவோ?" என்று கேட்டுவிட்டே காலை வையுங்கள்.

நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகின் உள்ளே டீசல் மணமும் புழுக்கமும் இருக்கும். வயிறு குமட்டுகிறவர்கள் வெறுவயிற்றோடு வரக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டும் வரக்கூடாது. காற்றுப்படும் பின்பக்கத்தில் இருந்து தொடுவானத்தைப் பார்த்தபடி போனால் சமாளிக்கலாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் அலை கூடுதலாக இருக்கும். மாரியில் சில நாட்கள் படகே ஓடாது. மாசி, பங்குனி மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதி.

அந்தப் படகு சுற்றுலாவுக்காக ஓடுவதல்ல. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மருந்து, ஆசிரியர்கள், தாதியர் எல்லாம் அதில்தான் போகிறார்கள். ஊர்ச் சனத்துக்கு இடம்விட்டு, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருக்கும் அம்மா "எங்கயிருந்து வாறியள், பிள்ளை?" என்று கேட்பா. மறுமொழி சொன்னால், எந்த ஓட்டோக்காரர் நியாயமாக எடுப்பார், எந்தக் கிணறு நன்னீர், குதிரைகள் இப்போது எந்தப் பக்கம் மேய்கின்றன என்பதெல்லாம் தானாக வரும். இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

1985 மே 15 அன்று, இதே வழியில் ஓடிய குமுதினி என்ற பயணிகள் படகில் வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கடலில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. இறங்கியதும் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். வெயிலில் நடந்து முடியாது. ஓட்டோவோ பிக்கப்போ பேசிக்கொள்ளுங்கள். எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் துறையில் விடவேண்டும் என்பதையும் ஏறுமுன்னமே பேசிவிடுங்கள். பலர் துறைக்குப் பக்கத்திலுள்ள கோட்டையில் தொடங்கி, தெற்கே போய்த் திரும்ப நேரமில்லாமல் பதறுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தெற்கு வெளிக்குப் போய்க் குதிரைகளையும், கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய குவிந்தா கோபுரத்தையும் பாருங்கள். பிறகு பெருக்கமரம் (பாவோபாப்), தூதுப் புறாக்கள் வளர்த்த பழைய புறாக்கூடு, கோட்டை என்று துறையை நோக்கி வாருங்கள். வண்டி வழியில் பழுதானாலும் படகைத் தவறவிடமாட்டீர்கள்.

குதிரைகள் கட்டையானவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழிவந்தவை. இன்று அவற்றுக்கு எசமான் இல்லை. கோடையில் குளங்கள் வற்றும்போது தண்ணீரில்லாமல் சாகின்றன. அந்த நாட்களில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைச் சுற்றியே நிற்கும். கிட்டப் போனால் குடிக்காமல் விலகிவிடும். ஆகவே தூரத்தில் நின்றே படம் எடுங்கள். பிஸ்கட் நீட்ட வேண்டாம்.

தீவு முழுக்க ஓடுகிற கல்வேலிகளை ஒருதரம் குனிந்து பாருங்கள். சாந்து, சீமெந்து எதுவுமில்லை. கடலின் பவளப்பாறையான முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் முகத்தில் சின்னச் சின்னப் பூப்போல் துளைகள் நெருக்கமாக இருக்கும், விரலால் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புத்தான் ஒரு கல்லை மற்றதில் பிடித்து நிறுத்துகிறது. இடைவெளிகளால் காற்றுப் புகுந்து போய்விடுவதால் வேலி தள்ளப்படுவதில்லை. ஞாபகத்துக்கென்று ஒரு கல்லை உருவினால் மேலிருக்கும் வரிசையும் சரியும். அதைத் திரும்ப அடுக்குவது அந்த வளவுக்காரர்தான். தயவுசெய்து தொட்டுப் பார்ப்பதோடு விடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, காசுத்தாள். பல கிணறுகள் உவர். மதியச் சாப்பாட்டை இறங்கிய உடனேயே கடையில் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும், வருகிறவர்களை எண்ணித்தான் உலை வைப்பார்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தால் காசு நீட்டாதீர்கள், மனம் நோகும். பனங்கிழங்கோ, அதைக் காயவைத்த ஒடியலோ விற்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

படகு வெளிக்கிட அரைமணி முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள். வைத்தியசாலைக்குப் போகிற நோயாளிகளுக்குத்தான் முதலிடம். இடம் நிரம்பினால் மிஞ்சுகிறவர் அன்றிரவு தீவில்தான்.